‘அப்பா வீட்டுல இல்லை’: ரவுட்டர் வடிகட்டியின் ஐம்பது வருடக் கதை

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஎன்எஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு கட்டங்களில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைப் போட்டுச் சேமித்தால் போதும். அந்த வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டிவி, லேப்டாப், தாத்தாவின் டேப்லெட் எல்லாவற்றிலும் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியா செயலி போட வேண்டாம். காசும் கிடையாது. ஐந்து நிமிட வேலை.

இது எப்படி நடக்குது? அந்தத் தளங்களை யாரும் பூட்டவில்லை. கடன்காரர் வாசலில் வந்து நின்றால் குழந்தையை அனுப்பி “அப்பா வீட்டுல இல்லை”ன்னு சொல்லச் சொல்வார்களே, அதே உத்திதான். உங்கள் போன் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி “இதோட எண் முகவரி என்ன?” என்று கேட்கிறது. வடிகட்டி 0.0.0.0 என்று, எங்கேயும் போய்ச் சேராத ஒரு முகவரியைக் கொடுக்கிறது. போன் அதை நம்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பொய்யின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: பொய் எல்லாக் காலத்திலும் ஒண்ணுதான். யார் பெயருக்குப் பொய் சொல்லணும் என்ற பட்டியலை யார் கையில் வைத்திருந்தார்கள், அந்தப் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடிந்ததா என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரே ஒரு கோப்பு

முதலில் பொய்யே இல்லாத காலம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் சில டஜன்தான். ஒவ்வொரு நிலையமும் மற்ற கணினிகளின் பெயரையும் எண்ணையும் தானே ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தது. ஒருத்தர் பட்டியல் மாதிரி இன்னொருத்தர் பட்டியல் இருக்காது. பாதி பழசாகிப் போயிருக்கும். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் ஆர்எஃப்சி 606 என்ற குறிப்பில், இந்தக் கூத்தை நிறுத்தி எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியலை நெட்வொர்க்கிலேயே வைப்போம் என்று எழுதினார். அடுத்த சில வாரங்களிலேயே அந்த யோசனை ஏற்கப்பட்டது.

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லாரும் ‘ஜேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதுசா ஒரு கணினியைச் சேர்க்கணும்னா அந்த மையத்துக்குத் தகவல் சொல்லணும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். உலகத்து நெட்வொர்க் முழுக்க ஒரு கோப்பு, அதுவும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய கோப்பு.

கணினிகள் சில நூறைத் தாண்டியதும் இது திணற ஆரம்பித்தது. 1983 நவம்பரில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்திலிருந்து பால் மொக்கபெட்ரிஸ் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார். அதுதான் டிஎன்எஸ். ஒரே கோப்புக்குப் பதிலாகப் பொறுப்பைக் கிளை கிளையாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. உங்கள் கணினி நேராக அந்தக் கிளைகளைத் தேடிப் போகாது. பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கும்; அது நாலு இடத்தில் விசாரித்து வந்து பதில் சொல்லும்.

நம் கதைக்கு முக்கியமானது இந்த இடைத்தரகர்தான். அவர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க அன்றைய வடிவமைப்பில் எந்த வழியும் இல்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்த சின்ன உலகம் அது, தேவைப்படவும் இல்லை. இன்னைக்கு நம் வீட்டில் அந்தத் தரகர் வேலையைப் பார்ப்பது ரவுட்டர். வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் “பெயர் தெரியணும்னா என்னைக் கேளு” என்று ரவுட்டரே சொல்லிவிடுகிறது. அதனால்தான் ஒரு இடத்தில் மாற்றினால் வீடு முழுக்க மாறுகிறது.

விளம்பரமும் பழைய கோப்பும்

டிஎன்எஸ் வந்த பிறகும் அந்தப் பழைய கோப்பு சாகவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இன்னைக்கும் உள்ளே இருக்கிறது. வழக்கமான அமைப்பில், கணினி முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கும்.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் பேனர் விளம்பரங்கள் வந்தன. இரண்டு வருடத்தில் டபுள்கிளிக் மாதிரி நிறுவனங்கள் கிளம்பி, பல தளங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விளம்பரம் அனுப்ப ஆரம்பித்தன. அந்த ‘ஒரே இடம்’தான் அவர்களுடைய பலவீனம். விளம்பர சர்வரின் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டால் கணினி தன்னிடமே போய் விளம்பரம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும். பொழுதுபோக்காக இதைச் செய்தவர்கள் தங்கள் பட்டியலை இணையத்தில் போட்டார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், விட்டுப்போனதைச் சொன்னார்கள், தப்பாகச் சேர்ந்ததை நீக்கச் சொன்னார்கள். ஜேக் ஃபைன்லரின் கோப்பு கணினிகளைக் கண்டுபிடிக்க உருவானது. அதே வடிவத்தை இவர்கள் கணினிகளைத் தொலைக்கப் பயன்படுத்தினார்கள்.

பூட்டிய பட்டியல்

அதே சமயத்தில் வேறொரு வழியும் ஓடிக்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் சர்ஃப்வாட்ச், சைபர்பேட்ரோல், நெட் நானி என்று குழந்தைகளுக்கான வடிகட்டி மென்பொருள்கள் கடைக்கு வந்தன. காசு கொடுத்து வாங்கி ஒவ்வொரு கணினியிலும் போடணும். இவற்றில் பெரும்பாலானவற்றின் தடைப்பட்டியல் வணிக ரகசியம். மறைகுறியாக்கம் செய்து வைத்திருப்பார்கள். வாங்கின அப்பா அம்மாவுக்கே தங்கள் பிள்ளைக்கு எதெல்லாம் தடுக்கப்படுகிறது என்று தெரியாது.

2000 மார்ச்சில் கனடாவில் ஒருவரும் ஸ்வீடனில் ஒருவரும் சேர்ந்து சைபர்பேட்ரோலின் பட்டியலை உடைத்துப் படித்து வெளியிட்டார்கள். அப்போது அந்த மென்பொருள் மேட்டல் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆமாம், பார்பி பொம்மை செய்யும் அதே மேட்டல்தான். உடனே வழக்குப் போட்டார்கள். ஆனால் அதே வருடம் அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டிஜிட்டல் பூட்டு உடைப்புச் சட்டத்துக்கு முதல் விலக்குகளை அறிவித்தபோது, மொத்தம் இரண்டே இரண்டு விலக்குகள்தான் கொடுத்தது. அதில் ஒன்று, வடிகட்டி மென்பொருள்களின் தடைப்பட்டியலைப் பார்ப்பதற்கானது! எது தடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பொதுநலன் என்று ஒரு அரசு அமைப்பே ஒத்துக்கொண்டது.

வடிகட்டிகளுக்கு நீதிமன்றத்திலும் ஒரு இடம் கிடைத்தது. இணையத்தில் ஆபாசத்தைச் சட்டம் போட்டுத் தடுக்க அமெரிக்கா 1996லும் 1998லும் முயன்றது. முதல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 1997ல் ரத்து செய்தது. இரண்டாவதை 2004ல் நடைமுறைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்தபோது நீதிபதிகளில் பெரும்பான்மையினர் சொன்ன காரணம்: எழுதுகிறவர்களுக்குத் தண்டனை கொடுப்பதைவிட, வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் வடிகட்டி வைத்துக்கொள்வது பேச்சுரிமையைக் குறைவாகப் பாதிக்கும். வீட்டு வடிகட்டிக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதத்தை நான் படித்ததில்லை. வடிகட்டி வீட்டில் இருந்தால், ஊருக்கு வடிகட்டி தேவைப்படாது.

ரவுட்டருக்குள் புகுந்த கதை

கணினியிலிருந்து ரவுட்டருக்கு வந்ததற்கு ஒரு நீலக் கறுப்புப் பெட்டி காரணம். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. சில மாதங்களில், அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று மடலாடற்குழுக்களில் துப்பறிந்து கண்டுபிடித்துவிட்டார்கள். லினக்ஸின் உரிமப்படி மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். நெருக்கடி முற்றி 2003ல் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. கடையில் வாங்கின ரவுட்டரின் உள்ளே நாமே கைவைக்கலாம் என்ற எண்ணம் வெகுஜனத்துக்கு வந்தது அப்போதுதான்.

இப்படிப்பட்ட ரவுட்டர்களில் பெயர்விசாரணை வேலையைச் செய்தது டிஎன்எஸ்மாஸ்க் என்ற மிகச் சிறிய நிரல். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் கெல்லி எழுதியது. இதற்கும் ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பைக் கொடுக்கலாம். கணினியில் வைத்திருந்த அதே விளம்பரப் பட்டியலை ரவுட்டரில் போட்டால் வீடு மொத்தத்துக்கும் வேலை முடிந்தது.

அவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு 2006ல் ஓப்பன்டிஎன்எஸ் வந்தது. டேவிட் உலெவிச் தொடங்கிய சேவை. ரவுட்டரில் 208.67.222.222 என்று போட்டால் போதும், மோசடித் தளங்களை அவர்கள் தடுத்துக்கொள்வார்கள். சரி, காசு எங்கிருந்து? தப்பாகத் தட்டிய பெயர்களை விளம்பரம் இருக்கும் தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதாவது ஒரு பொய் உங்களுக்காக, இன்னொரு பொய் அவர்களுக்காக. விளம்பரத்தை 2014ல் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் சிஸ்கோ 63.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தை வாங்கியது.

பிறகு 2012ல் 35 டாலருக்கு ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினி வந்தது. 2015ல் ஜேக்கப் சல்மேலா அதற்காகப் பை-ஹோல் என்ற மென்பொருளை வெளியிட்டார். உள்ளே அதே டிஎன்எஸ்மாஸ்க், அதே பொதுப் பட்டியல்கள். கூடுதலாக ஒரு அழகான பக்கம்: இன்று எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனை தடுக்கப்பட்டன, எந்தக் கருவி எதைக் கேட்டது என்று காட்டும். சும்மா இருக்கும் டிவி யார் யாருக்கோ சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்பதைப் பலர் முதன்முதலில் பார்த்தது இந்தப் பக்கத்தில்தான்.

அதே பொய், பெரிய கைகளில்

இதுவரை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வீட்டு ரவுட்டர் செய்யும் இதே வேலையை இணையச் சேவை நிறுவனமும் செய்யலாம், அரசாங்கமும் செய்யலாம். சீனாவின் இணையச் சுவர் 2000களின் தொடக்கத்திலிருந்தே டிஎன்எஸ் பதில்களைத் திரிக்கிறது. 2014 மார்ச் 20 அன்று துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது முதலில் கையாண்டதும் இதே உத்திதான். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8ஐ இஸ்தான்புல் சுவர்களில் பெயின்டால் எழுதினார்கள். பொய் சொல்லாத தரகரின் முகவரி தெருவில் எழுதும் முழக்கமாகிவிட்டது. சில நாளில் துருக்கியின் சேவை நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் பாதையையே மடக்கி, கூகுள் மாதிரி வேஷம் போட்ட தங்கள் சர்வர்களிடம் திருப்பிவிட்டன.

எதேச்சாதிகாரம்தான் இப்படிச் செய்யும் என்றும் சொல்ல முடியாது. 2013 ஜூலையில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் குழந்தைகளைக் காக்கக் குடும்ப வடிகட்டிகளைச் சேவை நிறுவனங்களே முன்வைக்கும் என்று அறிவித்தார். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டிசம்பரில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தபோது, ஒரு வடிகட்டி பதின்வயதினருக்கான பாலியல் கல்வித் தளத்தையும், எடின்பரோவில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளத்தையும் ‘ஆபாசம்’ என்று தடுத்திருந்தது. இந்தப் பதிவின் தொடக்கத்தில் சொன்ன 1.1.1.3 சேவையும் விலக்கல்ல. 2020 ஏப்ரலில் அதை வெளியிட்ட கையோடு, மாற்றுப் பாலினத்தோருக்கான தகவல் தளங்களையும் அது தடுப்பது தெரியவந்தது. தவறான வகைப்பாட்டை எடுத்துவிட்டோம் என்று கிளவுட்ஃப்ளேர் உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது.

கவனிச்சீங்கன்னா, தப்பாக மாட்டிக்கொள்வது எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள். உடம்பைப் பற்றி, பயத்தைப் பற்றி, தனக்கு நேர்ந்ததைப் பற்றி வீட்டில் யாரிடமும் கேட்க முடியாமல் இணையத்தில் தேடுகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் வருவது “இல்லை” என்ற பதில் மட்டும். யார் மறைத்தார்கள், யாரிடம் கேட்பது என்று அதில் எதுவும் இருக்காது.

மூடிய உறை

இதற்கெல்லாம் எதிர்வினையாக வந்ததுதான் மறைகுறியாக்கிய டிஎன்எஸ். 2018 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8484 படி, கேள்வியை உறையில் போட்டு ஒட்டி, சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்து நேராக வெளியூர்த் தரகருக்கு அனுப்பலாம். வழியில் நிற்கும் சேவை நிறுவனமோ அரசோ படிக்க முடியாது, மாற்றவும் முடியாது. உங்கள் ரவுட்டராலும் முடியாது.

2019 ஜூலையில் பிரிட்டனின் சேவை நிறுவனங்கள் சங்கம் ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவை ‘இணைய வில்லன்’ விருதுக்கே பரிந்துரைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. இந்த நுட்பத்தைக் கடுமையாக எதிர்த்த இன்னொருவர் பால் விக்ஸி. 1997 வாக்கில் எரிதம் அனுப்பும் முகவரிகளுக்குக் கறுப்புப் பட்டியல் கொண்டுவந்தவர். டிஎன்எஸ் வழியாகத் தடுப்புப்பட்டியல் பரவியதற்கு அதுதான் முன்னோடி. அதே விக்ஸி, அமெரிக்க அரசு சட்டம் போட்டு டிஎன்எஸ்ஸைத் திரிக்க முயன்ற 2011ல் அதையும் எதிர்த்தார். முரண்பாடு மாதிரி தெரியும். ஆனால் அவர் நிலை எளிது: என் நெட்வொர்க்கில் எது நுழையலாம் என்று நான் தீர்மானிக்கணும், அரசும் கூடாது, உலாவியும் கூடாது.

மொசில்லா ஒரு நடுவழி வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒரு குறிப்பிட்ட சோதனைப் பெயரை முதலில் உள்ளூர்த் தரகரிடம் கேட்கும். “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று பதில் வந்தால், இங்கே வடிகட்டி இருக்கிறது என்று புரிந்துகொண்டு, தானாகப் போட்ட உறையை எடுத்துவிடும். பயனரே வேண்டுமென்று உறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் எடுக்காது.

அப்போ வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்ளணும். டிஎன்எஸ் வடிகட்டிக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், பக்கம் தெரியாது. ஒரு தளத்தை முழுசாகத் தடுக்கலாம், அல்லது முழுசாக விடலாம். யூடியூப் விளம்பரம் வீடியோ வரும் அதே வாசல் வழியாக வருவதால் இதில் சிக்காது. கூகுள், யூடியூப் இரண்டிலும் பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்க அந்நிறுவனங்களே தனிப் பெயர்கள் கொடுத்திருக்கின்றன. ரவுட்டரில் வழக்கமான பெயரை அந்தப் பெயருக்குத் திருப்பிவிடலாம். சில கருவிகள் ரவுட்டரைக் கேட்காமல் நேராக 8.8.8.8ஐக் கேட்கும்; ரவுட்டரின் ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை மடக்கினால் அவையும் வழிக்கு வரும். பிள்ளை மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. விவரம் தெரிந்த 14 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தடை இல்லை. தெரியாமல் போய் விழும் 7 வயதுக் குழந்தைக்கு நிச்சயம் பாதுகாப்பு.

இரண்டாவது விஷயம்தான் இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ரவுட்டரில் வடிகட்டி வைப்பவர் அந்த வீட்டுக்கு ஒரு சின்ன அரசாங்கம். பை-ஹோல் பதிவேட்டைத் திறந்தால் மனைவி, மகள், மாமியார் போன்கள் எந்த நேரத்தில் எந்தத் தளத்தைத் தேடின என்று வரிசையாக இருக்கும். தடுக்கப் போனவர் வேவு பார்ப்பவராக மாற ஒரு சொடுக்குப் போதும். அந்தப் பதிவை மறைக்கும் அந்தரங்க நிலைகளும் அதே மென்பொருளில் இருக்கின்றன; போட்ட நாளே அதைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

தடுப்பதை வெளிப்படையாகச் செய்யுங்க. எந்தெந்த வகைத் தளங்களைத் தடுத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்க. தப்பாக ஏதாவது மாட்டினால் யாரிடம், எப்படிச் சொல்லணும் என்றும் சொல்லுங்க. “ஏன் இது வேணும்?” என்று விசாரிக்காமல் திறந்துவிடும் பழக்கமும் வேணும். ஏன் என்று சொல்ல முடியாததால்தான் பல பேர் இணையத்தில் தேடவே போகிறார்கள்.

அரசு வைக்கும் பட்டியலைக் கேள்வி கேட்க நீதிமன்றம் போகணும், சில சமயம் சுவரில் எண் எழுதணும். வீட்டுப் பட்டியலைக் கேள்வி கேட்க அடுத்த அறைக்குப் போனால் போதும். வீட்டு வடிகட்டிக்கு இருக்கிற ஒரே பெரிய நன்மை இதுதான். அடுத்த அறையில் இருப்பவரிடம் கேட்க முடியவில்லை என்றால், அந்த நன்மையும் இல்லை.